இல்லை என்பதன் வகைகள்

ஓர் ஆளைச் சிறு பரப்பொன்றில் அடக்கி எழுதிவிடலாம் என்ற எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. மலையகத்தார் அதனைக் கழுத்திலேயே அணிந்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டி அழைத்துவரப்பட்டோருக்குத் தகரத்தாலான சிறு வில்லை ஒன்று வழங்கப்பட்டது. தகரப்பத்து என்று எம் முன்னோர் அதனைச் சொல்வர். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை. தகரத்தைப் பார்த்த அளவிலே ஆள் எத்தோட்டத்துக்கு உரியவர், வழிச்செலவை எவர் கணக்கில் எழுதுவது என்பன தெரிந்துவிடும். இன்ன இடத்தில் இன்ன இலக்கம் இருக்க வேண்டும், அதற்கு மேல் எதுவும் வேண்டா என்று யாரோ ஒருவர் முன்னரே தீர்மானித்து அச்சமைத்திருக்கின்றார். தரவுக்குரிய விதிகள் என்று இன்று கணினித் துறையில் நாம் பேசுபவையும் இத்தகைய தீர்மானங்களே.

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் ஆதலின், எனக்கு முதன்முதல் அறிமுகமான தரவேடு செக்ரோல் ஆகும். காலையிற் பெரட்டுக்களத்திற் கூடியோரின் பெயர்களை வைத்துக் கணக்கப்பிள்ளை எழுதும் அந்த நீண்ட புத்தகத்தில், ஒரு நாளைய உழைப்புக்குப் பேர் என்று பெயர். அன்று பறிக்க வேண்டிய கொழுந்து இத்தனை கிலோ என்று குறித்திருப்பார்கள். அது நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், வேலைக்கு வராதவளுக்குப் பேரில்லை. “இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?” என்று மாலையில் லயத்து வாசலிற் கேட்கும் கேள்வி வெளியூராருக்கு விளங்காது. மூன்றே பெறுமானங்களைக் கொண்ட ஒரு வகை அது. காய்ச்சலோடு மலையேறி நண்பகலில் மயங்கி விழுந்தவளும், மழையினாற் கொழுந்து குறைந்தவளும், கைக்குழந்தைக்குப் பாலூட்டப் பிள்ளைக்காம்பராவுக்குப் போய் நேரங்கழித்து மீண்டவளும் அப்புத்தகத்தில் ஒரே அரைப்பேராகத்தான் நிற்பர். கூலி கணக்கிடுவதற்கு அது போதும். வேறெதற்கும் போதாது.

இவையெல்லாம் எனக்குப் பொருளுடையனவாகத் தோன்றியது 2019ஆம் ஆண்டில், நண்பர் இருவரோடு சேர்ந்து ஒரு பதிவேட்டை அமைத்தபோதுதான். பசறை, ஹப்புத்தளைப் பக்கங்களில் மண்சரிவு அபாயமுள்ள சில லயங்களிற் குடியிருப்போர் யாவர், எக்காம்பராவில் எத்தனை பேர், அவருள் நடக்கமாட்டாதோர் எவர் என்பவற்றைத் திரட்டுவது எங்கள் பணி. அதன் தேவையை ஊவாவில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்கடியில் இருப்போர் எத்தனை பேர் என்ற கேள்விக்கே விடை இருக்கவில்லை. நூறு என்றனர், இருநூறு என்றனர், முந்நூறு என்றும் சொல்லப்பட்டது. வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தவர் எவர், வீட்டில் இருந்தவர் எவர் என்று உயிர் தப்பியோர் விரல்விட்டு எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்களுக்கு ஒரு விதிப்பட்டியல் முன்னரே தரப்பட்டிருந்தது. கொழும்பில் உள்ள ஓர் அலுவலகம் அதனை வகுத்திருந்தது. ஸ்கீமா என்று எங்கள் துறையார் வழங்கும் இவ்விதிப்பட்டியல், உள்ளே வரும் தரவு எவ்வடிவில் இருந்தால் ஏற்கலாம் என்பதைக் கூறும் ஆவணம். பெயர் என்னும் கட்டத்தில் எழுத்துச்சரம் இருக்க வேண்டும், அது வெறுமையாக இருத்தலாகாது, வயது எண்ணாக இருக்க வேண்டும், அது பூச்சியத்துக்குக் குறையலாகாது என்றவாறு அது போகும். ஜேசன் ஸ்கீமா என்னும் முறையில் எழுதப்பட்ட அப்பட்டியலை, நாங்கள் செய்நிரல் எழுதிய டைப்ஸ்கிரிப்ட் மொழியின் வகைகளாகப் பெயர்ப்பது எனக்குரிய பங்காயிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அம்மொழியின் சிறப்பே வகைகள்தாம். ஒரு மாறியில் எத்தகைய பொருள் இருக்கும் என்று எழுதுபவன் முன்னரே சொல்லிவிட்டால், செய்நிரல் ஓடுவதற்கு முன்பே தொகுப்பான் அதனை வரிக்கு வரி ஒத்துப் பார்க்கும்.

தமிழ் பயின்றோருக்கு இது புதிதன்று. திணையும் பாலும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் ஒத்து வர வேண்டும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்ததை நினைத்துக் கொண்டாற் போதும். “அவன் வந்தது” என்றால் வழு. சொன்னவன் யார், எங்கே, எப்போது சொன்னான் என்று ஆராயாமலே வழுவென்று சொல்லிவிடலாம். தொகுப்பான் செய்வதும் இதுவே. அதனை நான் இலக்கண ஆசிரியன் என்றே எண்ணுவதுண்டு. ஆனால் “அவன் பெப்ரவரி முப்பதாம் நாள் பிறந்தான்” என்ற வாக்கியத்தில் இலக்கணத்துக்கு ஒரு குறையும் தெரியாது. திணை சரி, பால் சரி, காலம் சரி. பொய் மட்டுமே குறை. அதனைக் கண்டுபிடிக்க நாட்காட்டி வேண்டும். விதிப்பட்டியலை வகையாகப் பெயர்க்கையில் எவை கடந்து வரும், எவை கரையிலேயே நின்றுவிடும் என்பது இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தது.

கட்டங்களின் பெயர்கள் கடந்து வரும். கட்டாயமானது எது, விருப்பத்துக்குரியது எது என்பது வரும். ஆண், பெண் என்றாற் போல எண்ணி வைத்த பெறுமானங்களும் வரும். ஆனால், பெயர் இத்தனை எழுத்துக்கு மேற்படலாகாது, வயது நூற்றிருபதைத் தாண்டலாகாது, எண் இன்ன கோலத்தில் அமைய வேண்டும் என்பன அப்படியே உதிர்ந்துவிடும். பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணும், ஒருவர் பாடிய தாலாட்டும் மொழியின் கண்ணுக்கு வெறும் எழுத்துச்சரங்கள். (எழுத்தெண்ணிக்கை பற்றி ஒன்று: கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் நாம் எண்ணுவன எட்டெழுத்து, யூனிக்கோட் முறையிற் கணினி எண்ணுவனவோ பதினைந்து குறிகள். புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியே எண்ணும். ஆங்கிலப் பெயரை மனத்திற் கொண்டு மேலெல்லை வகுத்தவருக்கு நம் பெயர்கள் பேராசை பிடித்தனவாகத் தோன்றும்.)

தேசிய அடையாள அட்டையின் எண்ணைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழுப் பதிவேட்டின் முடிச்சும் அங்கேதான் இருந்தது. பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு ஐந்நூறு கூட்டப்படும். பெப்ரவரி முதலாம் நாட் பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. இதில் ஒரு நுட்பம் உண்டு. எந்த ஆண்டாயினும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கொண்டு எண்ணுவதால், மார்ச் முதலாந் திகதி எப்போதும் 61ஆம் நாளாகும். வழக்கமான நாட்காட்டிக் கணக்கை அப்படியே செய்நிரலில் இட்டால், லீப் அல்லாத ஆண்டில் மார்ச்சுக்குப் பின் பிறந்தோர் அனைவரும் ஒரு நாள் பிந்திப் பிறந்துவிடுவர். ஈற்றெழுத்து வாக்குரிமை உடையோருக்கு வீ, அஃதில்லாதோருக்கு எக்ஸ் என்பது வழக்கு. 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் எழுத்தே இல்லை. ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, எண் பன்னிரண்டு இலக்கமாயிற்று. பழையதைப் புதியதாக மாற்றலாம்: முன்னே 19 சேர்த்து, வரிசையெண்ணுக்கு முன் ஒரு பூச்சியம் இட்டு, எழுத்தை நீக்கிவிட்டாற் போதும். புதியதைப் பழையதாக்க முற்பட்டால் வீ இருந்ததா எக்ஸ் இருந்ததா என்று தெரிய வழியில்லை.

தரப்பட்ட விதிப்பட்டியல் ஒன்பது இலக்கமும் வீ எழுத்தும் என்பதை மட்டுமே ஏற்றது. புதிய அட்டை வந்து மூன்று ஆண்டு கழிந்திருந்த காலம் அது. அதனைத் திருத்துவது எளிது. நண்பர் ஒரே மாலையிற் செய்து முடித்தார். அதன் பின்னரும் வகை என்ற அளவில் அது வெறும் எழுத்துச்சரமாகவே நின்றது. வாசலிற் சரிபார்த்த எண்ணையும் சரிபார்க்காத எண்ணையும் உள்ளே எவராலும் வேறுபடுத்த இயலாது. அலெக்சிஸ் கிங் என்பார் 2019இல் எழுதிய கட்டுரையொன்று இவ்விடத்தில் எங்களுக்குப் பெரிதும் உதவிற்று. சரிபார்த்தல் என்பது சரி, பிழை என்று சொல்லிவிட்டு மறந்துவிடும் செயலாக இருத்தலாகாது. சரிபார்த்ததன் பயனாக முன்னிலும் வலிய வகையொன்று கையில் வர வேண்டும் என்பது அவர் வாதம். தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பிரித்த தூளைப் பையிலிட்டுத் தரத்தின் பெயரைப் பையின் மேற் பொறிப்பது போன்றது இது. பின்னர் வருபவர் பையைப் பிரித்துச் சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அவ்வாறே வாசலிற் சோதித்த எண்ணுக்கு முத்திரை குத்திய தனி வகையொன்றை அமைத்தோம். முத்திரையற்ற சரத்தை உள்ளே அனுப்ப முயன்றால் தொகுப்பான் மறுத்துவிடும்.

முகவரியைப் பற்றியும் சொல்லாமற் போகவியலாது. வீட்டிலக்கம், வீதி, நகரம் மூன்றும் கட்டாயம் என்றது விதி. லயத்துக்கு வீதி ஏது? தலைமுறை தலைமுறையாகத் தோட்ட அலுவலகத்துக்கே கடிதம் வந்து, அங்கிருந்து கைமாறி வீடு சேர்ந்த மக்கள் நாங்கள். தகவல் திரட்டச் சென்ற இளைஞர்கள் வீதி என்ற கட்டத்திற் சிலவிடத்து ஒரு கோடும், சிலவிடத்துத் தோட்டத்தின் பெயரும், ஓரிடத்திற் “கோயில் பக்கம்” என்றும் எழுதியிருந்தனர். கட்டாயம் என்ற விதி எழுத்துச்சரத்தைப் பெற்றுத் தந்தது. வீதியைப் பெற்றுத் தரவில்லை. நகர முகவரி ஒன்று, தோட்ட முகவரி ஒன்று என இரண்டு வகைகளாக அதனைப் பிரித்தோம். இரண்டாவதில் தோட்டம், பிரிவு, லயம், காம்பரா என்று நான்கு கட்டங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்து நள்ளிரவிற் கதவைத் தட்ட வேண்டி நேர்ந்தால், தட்டுபவருக்கு அவை நான்கும் வேண்டும்.

இனி, அட்டையே இல்லாதோர்.

விதிப்பட்டியலில் அடையாள எண் கட்டாயம். கட்டாயம் என்பதை நீக்கி விருப்பத்துக்குரியது ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்பர் பலர். டைப்ஸ்கிரிப்டில் அதற்கு ஒரு கேள்விக்குறி போதும். எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நானும் நண்பரும் நெடுநேரம் வாதிட்டது இக்கேள்விக்குறி பற்றியே. இல்லாமை என்பதைக் கணினி மொழிகளிற் குறிக்கும் வெறுமைச் சுட்டியை 1965இல் அல்கோல் டபிள்யூ என்னும் மொழிக்கென அமைத்தவர் டோனி ஹோர். அமைப்பதற்கு எளிதாக இருந்தமையே அதற்குக் காரணம் என்றும், அதனால் விளைந்த இழப்பு நூறு கோடி டொலர் பெறும் என்றும் 2009இல் அவரே பொதுமேடையிற் கூறினார். அவர் 1934இற் கொழும்பிற் பிறந்தவர். அவருடைய தாயார் தேயிலைத் தோட்டத்துரை ஒருவரின் மகள். இச்செய்தியை அறிந்த நாளில் நான் தனியே இருந்து சிரித்தேன். இல்லை என்பதற்கு ஒரேயொரு குறியை உலகுக்கு வழங்கியவர், எங்கள் மலைகளோடு உறவுடையவராகவா இருக்க வேண்டும்!

எங்கள் மக்களின் வரலாற்றில் இல்லாமை ஒரு காலத்திலும் ஒருமையாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிக்கலாம் என்று விட்டுவைத்தனர். பத்தாண்டு அவர்கள் தீர்மானிக்கப்படாதோராகவே வாழ்ந்து, 1974இற் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அதன் பின்னரும் விண்ணப்பித்தும் கப்பலேறாதவர், விண்ணப்பமே செய்யாதவர், கடவுச்சீட்டுப் பெற்றும் இங்கேயே தங்கியவர் எனப் பலர் இருந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அக்கணக்கு நீண்டது. இவர்கள் அனைவரையும் ஒரே வெறுமைக் குறியால் எழுதியிருந்தால், எவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எச்சட்டமும் சொல்லியிருக்க இயலாது.

ஆகவே கேள்விக்குறியை நீக்கினோம். அடையாளம் என்ற வகையை ஐந்து கிளைகளாக வகுத்தோம். பழைய எண் உடையவர் ஒரு கிளை. புதிய எண் உடையவர் ஒரு கிளை. விண்ணப்பித்துக் காத்திருப்பவர் மூன்றாவது, அவரோடு விண்ணப்பித்த திகதியும் வரும். அட்டையைத் தொலைத்தவர் நான்காவது. வயது நிரம்பாத பிள்ளைகள் ஐந்தாவது, அவர்களோடு பிறந்த திகதி வரும். ஒவ்வொரு கிளையும் தனக்கு வேண்டியதை மட்டுமே சுமந்து செல்லும் என்பது இவ்வமைப்பின் நன்மை. பிள்ளைக்கு விண்ணப்பத் திகதி கேட்கப்படாது. எண் உடையவருக்குத் தொலைந்த கதை கேட்கப்படாது. விதிப்பட்டியலில் இதனை எழுத முடியாதென்பதில்லை. ஏதேனும் ஒன்று மட்டும் பொருந்த வேண்டும் என்ற விதி அங்கும் உண்டு. ஆயினும் வகையாக எழுதும்போதுதான், எத்தனை விதமாக ஒருவருக்கு ஒன்று இல்லாமற் போகலாம் என்று உட்கார்ந்து எண்ண வேண்டியிருக்கிறது.

ஆறாவது கிளை எண்ணத்தில் உதிக்கவில்லை. பசறைக்கு மேலே ஒரு லயத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர், தேநீர்க் கோப்பையை என் கையில் வைத்தபடியே அதனைத் தந்தார். அட்டை தொலைந்துவிட்டதா அம்மாயி என்று கேட்டேன். “தொலைக்கிறதுக்கு இருந்தாத்தானே தம்பி” என்றார். விண்ணப்பம் போட்டதுண்டா என்றேன். “பொறந்த சீட்டு இருந்தாத்தானே அட்டைக்கு எழுதலாம். நான் பொறந்த லயமே இப்ப இல்லையே.” பிறப்புப் பதிவு இல்லாதவர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அதனைக் கொண்டு அடையாள அட்டைக்கு எழுதலாம். அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு எவரும் சொல்லித் தரப்படாத செய்தி. இவர் காத்திருப்பவர் அல்லர், தொலைத்தவர் அல்லர், சிறுபிள்ளையும் அல்லர். மகனின் அட்டை எண்ணை இவருக்கும் எழுதிவிடலாம், அங்கே அப்படித்தான் வழக்கம் என்று உடன் வந்த இளைஞர் மெல்லச் சொன்னார். அதனையும் விதிப்பட்டியல் ஏற்றுக் கொண்டிருக்கும். ஒன்பது இலக்கம், ஈற்றில் வீ. மகன் வாழும் பதிவேட்டில் தாய் அவனாகவே மாறி மறைந்திருப்பார்.

அன்றிரவு பதுளைக்குத் திரும்பி ஆறாவது கிளையைச் சேர்த்தோம். பிறப்புப் பதிவு அற்றவர். உடன் வருவது, அவரை அறிந்த ஒருவரின் பெயர் மட்டும். சேர்த்த கணமே தொகுப்பான் நான்கு இடங்களிற் சிவப்புக் கோடிட்டு நின்றது. எல்லாக் கிளைகளுக்கும் விடை சொல்லப்பட்டதா என்று ஒவ்வோரிடத்திலும் அது கேட்கும்படி முன்னரே எழுதி வைத்திருந்தோம். முதலாவது, காம்பராவில் உள்ளோரைத் தொகை கூட்டும் இடம். இரண்டாவது, பெயர் தேடும் இடம். மூன்றாவது, ஒரே ஆள் இருமுறை பதியப்பட்டாரா என்று அடையாள எண்ணைக் கொண்டு ஒப்பிடும் இடம். எண் இல்லாதவரை எதைக் கொண்டு ஒப்பிடுவது என்பதில் மூவரும் நள்ளிரவு வரை உடன்படவில்லை. இறுதியிற் பெயர், தோட்டம், லயம், சாட்சியின் பெயர் நான்கும் ஒத்தால் ஐயத்துக்குரியதெனக் காட்டி, முடிவை மனிதரிடமே விடுவது என்று தீர்ந்தது.

நான்காவது, கொழும்புக்கு அனுப்பும் கோப்பை ஆக்கும் இடம். அங்கே பழைய விதிப்பட்டியலே ஆட்சி செய்தது. எண் இல்லாத வரியை அவர்களின் செய்நிரல் திருப்பி அனுப்பிவிடும். எங்கள் ஆறு கிளைகளை அவர்களின் ஒரு கட்டத்துக்குள் மடக்க வேண்டும். எண்ணுள்ளோர் கோப்பிற் சென்றனர். மற்ற நான்கு கிளையாரையும் தனித்தாளில் அச்சிடச் செய்தோம். தோட்டம், பிரிவு, லயம், காம்பரா, இல்லாமையின் காரணம் என்று ஐந்து நிரல்கள், அடியிற் கிராம உத்தியோகத்தர் கையொப்பத்துக்கு இடம். அட்டவணையின் நிரலுக்கு “குறிப்பு” என்று தலைப்பிடலாம் என்றார் நண்பர். “காரணம்” என்றே இருக்கட்டும் என்றேன். மூன்று பிரதிகள் எடுத்தோம்: ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று தோட்ட அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு. சுவரில் ஒட்டியதில், அந்த மூதாட்டியின் வரி மேலிருந்து ஏழாவதாக இருந்தது.